உழைக்கிற உடம்புக்கு நோய் வராதா?

டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இலக்கிய அமைப்பின் மேடையில் இரத்த அழுத்தத்தையும் தொப்பையையும் பற்றிப் பேச ஒருவர் வந்திருக்கிறாரே என்று சிலருக்குத் தோன்றலாம். அழைப்பு வந்தபோது எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. பிறகு யோசித்தேன். தலித் இலக்கியம் இத்தனை காலமும் உடம்பைப் பற்றித்தானே பேசிவருகிறது? தீண்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட உடம்பு, அடிபட்ட உடம்பு, பசித்த உடம்பு, பறையடித்து ஆடிய உடம்பு. அந்த உடம்பு ஐம்பது வயதைத் தொடும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் நாம் அதிகம் எழுதவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவிய அண்ணல், அதிலிருந்து 53ஆம் நாள் தில்லியில் தூக்கத்திலேயே மறைந்தார். வயது 65. அவருடைய கோட்டைப் பற்றியும் நூலகத்தைப் பற்றியும் பேசுகிற அளவுக்கு அவர் உடம்பைப் பற்றி நாம் பேசுவதில்லை. 1940களின் கடைசியிலிருந்தே அவர் நீரிழிவு நோயாளி. கால்களில் நரம்பு வலி, தூக்கமின்மை, மங்கிக்கொண்டே போன பார்வை, இன்சுலின் ஊசி. இவற்றோடுதான் அரசமைப்புச் சட்ட வேலை நடந்தது. வரைவுக் குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர்களுக்கு வேறு அலுவல், உடல்நலக் குறைவு. கடைசியில் பாரம் முழுவதும் அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று டி.டி.கிருஷ்ணமாச்சாரி அரசியல் நிர்ணய சபையிலேயே சொன்னார். 1954இல் அண்ணல் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூல் அச்சாகி வந்ததை அவர் பார்க்கவில்லை.

அவருக்கு அந்த நோயை எது கொடுத்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தனி மனிதர் ஒருவரின் நோய்க்கு அப்படிக் கணக்கு எழுத முடியாது. ஆனால் லட்சக்கணக்கான உடம்புகளை வரிசையில் வைத்துப் பார்த்தால் கணக்கு தெரியும். அந்தக் கணக்கைத்தான் பார்க்கப்போகிறோம்.

ஒரு மருத்துவ முகாமில் நெல் வயலில் வேலை பார்க்கிற அம்மா ஒருவர் கையை நீட்டினார். அழுத்தம் 190க்கு 110. மாத்திரை வேண்டும் என்றேன். சிரித்துவிட்டார். "நாத்து நடுற உடம்பு சார் இது. உக்காந்து திங்கிறவங்களுக்குத்தான் பிரஷர் வரும்." இதே பேச்சைக் கொத்தனாரிடமும் கேட்டிருக்கிறேன், துப்புரவுத் தொழிலாளியிடமும் கேட்டிருக்கிறேன். உழைக்கிற உடம்புக்கு நோய் வராது என்பது நம் மக்களின் நம்பிக்கை. அதில் ஒரு பெருமையும் இருக்கிறது; நம்மிடம் இருந்த ஒரே சொத்து உடம்புதானே. மருத்துவர்களில் பலரும் இதை நம்புகிறார்கள் என்பதுதான் ஆபத்து.

இந்த நம்பிக்கைக்கு அறிவியலிலும் ஓர் ஆதாரம் உண்டு. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், மாடிப் பேருந்துகளில் வேலை செய்த ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பேருந்து, ஒரே நகரம், கிட்டத்தட்ட ஒரே வர்க்கம். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் சீட்டுக் கொடுக்க ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு படிகள் ஏறி இறங்குவார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் வயது கடந்து வந்தது. முதல் தாக்குதலிலேயே சாவதும் குறைவு. அஞ்சலகத்திலும் இதே கதைதான்: தபால்காரர்கள் தப்பித்தார்கள், உட்கார்ந்து எழுதிய குமாஸ்தாக்கள் மாட்டிக்கொண்டார்கள். உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்று உலகம் பேசத் தொடங்கியது அங்கிருந்துதான். மோரிஸ் கிளாஸ்கோ நகரின் வறுமையில் வளர்ந்தவர், தொழிலாளர் பக்கம் நின்றவர், 99 வயதுவரை இருந்தார்.

அவர் இன்னொரு வேலையும் செய்தார். போக்குவரத்து நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு எல்லா வயதிலும் பெரிதாக இருந்தது, இளம் வயதிலேயே கூட. அப்படியானால் வேலைதான் காரணமா, வேலைக்கு வரும்போதே வேறு உடம்போடு வந்தார்களா? லண்டன் நெரிசலில் வண்டி ஓட்டுகிற பதற்றத்துக்குப் பங்கு இல்லையா? உட்காருதல், பருமன், மன அழுத்தம் என்ற மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இனி அடுத்த பக்கம். டென்மார்க்கில் ஆந்திரியாஸ் ஹோல்டர்மான் என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் சங்கடமான ஒரு கேள்வியைக் கேட்டார்கள். ஓய்வு நேரத்தில் நடப்பவரும் ஓடுபவரும் நீண்ட நாள் வாழ்கிறார்கள், சரி. வேலையிலேயே சுமப்பவர், குனிபவர், தூக்குபவர் அப்படி வாழ்கிறாரா? 2018இல் 17 ஆய்வுகளைச் சேர்த்து, 1,93,696 பேரின் விவரங்களை வைத்துப் பார்த்தார்கள். உடல்வருத்தும் வேலை செய்கிற ஆண்களுக்கு, உட்கார்ந்து வேலை செய்கிற ஆண்களைவிட முன்கூட்டியே இறக்கும் ஆபத்து 18 விழுக்காடு கூடுதல். பெண்களிடம் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. 2021இல் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது: ஓய்வுநேர உடற்பயிற்சி காப்பாற்றுகிறது, வேலையின் உடல்வருத்தம் அழிக்கிறது. வறுமையும் புகையிலையும்தான் உண்மைக் காரணம், கணக்கில் அவை முழுதாகக் கழிக்கப்படவில்லை என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் உழைப்பு என்றாலே உடற்பயிற்சி என்று இனிமேல் யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

ஏன் இப்படி? காலையில் அரை மணி நேரம் வேகமாக நடக்கிறவரின் இதயம் துடிப்பைக் கூட்டுகிறது, பிறகு இறங்குகிறது, மீதி நாள் முழுக்க நிதானமாக இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் இதயத்துக்குப் பயிற்சி. செங்கல் சூளையில் கல் சுமக்கிறவரின் இதயம் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் உயர்ந்த துடிப்பிலேயே இருக்கிறது. தூக்கும்போதும் ஒரே நிலையில் குனிந்திருக்கும்போதும் அழுத்தம் ஏறுகிறது; இரவிலும் சரியாக இறங்குவதில்லை. வெயில், தண்ணீர்ப் பற்றாக்குறை. ஒதுங்குவதற்கு இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் வேலை முடிக்கிற பெண் துப்புரவுத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று இங்கே இருக்கிற தொழிற்சங்கத் தோழர்களுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, நடைப்பயிற்சி போகிறவர் களைத்தால் நின்றுவிடலாம். கூலிக்காரர் நிற்க முடியாது. எப்போது நிறுத்துவது என்ற அதிகாரம் இருப்பது பயிற்சி, இல்லாதது பாடு. 'பாடுபடுதல்' என்ற சொல் நம் மொழியில் சும்மா வரவில்லை.

அந்தப் பாட்டின் வலியைத் தணிக்க மாலையில் ஒரு குவார்ட்டர். 2003 முதல் அதை அரசே சில்லறையில் விற்கிறது. வலிக்குக் குடிக்கிறவரைக் குடிகாரர் என்று சொல்வதும், வலி தந்த வேலையைப் பற்றிப் பேசாமல் விடுவதும் நம் சமூகத்தின் வழக்கம்.

இப்போது மன அழுத்தம். இந்தச் சொல் பெரிய நிறுவன மேலாளர்களுக்கே உரியது போல ஆகிவிட்டது. 1967இல் பிரிட்டிஷ் அரசு அலுவலர்கள் சுமார் 18,000 பேரிடம் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு அந்த எண்ணத்தை உடைத்தது. ஆய்வை எழுதிய மைக்கேல் மார்மோட் கண்டது: இதய நோயால் அதிகம் செத்தவர்கள் மேலதிகாரிகள் இல்லை, கடைநிலையில் இருந்த ஏவலர்கள். உச்சியில் இருந்தவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தாலும் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குதான் விளங்கியது. இந்த அலுவலர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. எல்லோருக்கும் மாதச் சம்பளம், எல்லோருக்கும் இலவச அரசு மருத்துவம். ஆனால் படிக்குப் படி சாவு ஏறியது. 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தன் வேலையின் மேல் தனக்கு அதிகாரம் இல்லாத நிலைக்கும் இதய நோய்க்கும் இருக்கும் தொடர்பைக் காட்டியது. படிநிலை உடம்பைத் தின்னும் என்பதற்கு வெள்ளைக்காரர் எழுதிய சாட்சியம் இது. படிநிலையையே மதமாக்கிய நாட்டில் நாம் இருக்கிறோம்.

நடப்பது இதுதான். வரப்பில் பாம்பைக் கண்டால் உடம்பு ஒரு நொடியில் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் இறக்குகிறது. ஓடினால் அந்தச் சர்க்கரை செலவாகிவிடும். பாம்பும் போய்விடும், பயமும் போய்விடும். ஆனால் அலுவலகத்தில் "உங்களுக்கு எந்த ஊரு, அங்க எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறவரிடமிருந்து ஓட முடியாது. நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறோம். சர்க்கரை இறங்கிவிட்டது, செலவாக வழியில்லை. இது தினமும் நடந்தால் கார்டிசால் என்ற சுரப்பு ஏறியே இருக்கிறது. தூக்கம் கெடுகிறது, பசி தாறுமாறாகிறது, கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது, இன்சுலின் சொல்லை உடம்பு கேட்பதில்லை. இந்தத் தேய்மானத்தின் மொத்தக் கணக்கை புரூஸ் மெக்யூவன் என்ற அறிவியலாளர் ஒரு சுமையாகவே கண்டு அப்படியே பெயரிட்டார். பரோடாவில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூர வீசியபோதும், தங்கிய விடுதியிலிருந்து தடியோடு வந்து வெளியேற்றியபோதும் கொலம்பியாவில் படித்துத் திரும்பிய இளைஞர் அம்பேத்கரின் உடம்புக்குள் என்ன நடந்திருக்கும்?

இந்த இடத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர் 1970களின் கடைசியில் வட கரோலினாவில் ஓய்வுபெற்ற ஒரு விவசாயியைச் சந்தித்தார். பெயர் ஜான் ஹென்றி மார்ட்டின். நிலவுடைமையாளரிடம் பங்கு விவசாயியாகச் சிக்கி, கடனில் மூழ்கும் வாழ்க்கையிலிருந்து இரவு பகலாக உழைத்து மீண்டவர். நாற்பது வயதில் 75 ஏக்கர் அவருக்குச் சொந்தம். ஐம்பதுகளின் கடைசியில் அவருக்கு உயர் இரத்த அழுத்தம், மூட்டுவாதம், குடல் புண். ஜான் ஹென்றி என்ற பெயர் அந்த மக்களின் நாட்டுப்புறக் கதையிலும் வருகிறது. ரயில் பாதை அமைக்கும் கறுப்பினத் தொழிலாளி, நீராவி இயந்திரத்தோடு போட்டி போட்டுச் சுத்தியல் அடித்து, ஜெயித்து, சுத்தியலோடேயே செத்துவிழுகிறவன். ஜேம்ஸ் தன் கருத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார். விடாப்பிடியாக உழைத்தால் எதையும் வெல்லலாம் என்ற மனம் இருந்து, கையில் கல்வியும் வசதியும் குறைவாக இருக்கிறவர்களிடம் இரத்த அழுத்தம் அதிகமாக இருந்தது. அதே விடாப்பிடி, கையில் வசதி இருந்தவர்களைப் பாதிக்கவில்லை.

நம்மில் முதல் தலைமுறைப் பட்டதாரி அத்தனை பேரும் ஜான் ஹென்றிகள்தான். "மத்தவங்க ஒரு மடங்கு படிச்சா நீ ரெண்டு மடங்கு படிக்கணும்" என்று சொல்லித்தானே வளர்த்தார்கள். அது தப்பான அறிவுரையும் இல்லை. அதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. ஜோதிராவ் புலே 1888இல் பக்கவாதத்தில் விழுந்து வலது கை விளங்காமல் போனபோது, இடது கையால் தன் கடைசிப் புத்தகத்தை எழுதினார். இதை மேடைகளில் வீரக் கதையாகச் சொல்கிறோம். வீரம்தான். 63 வயதில் இறந்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் அமைப்புத் தோழர்களின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் டீ, சர்க்கரை தூக்கலாக. மதியம் காவல் நிலைய வாசலிலோ ஆட்சியர் அலுவலகத்திலோ காத்திருப்பு. அங்கே நாலு டீ. வன்கொடுமை நடந்த ஊருக்குப் பேருந்துப் பயணம். பார்த்ததைப் பார்த்துவிட்டு வந்தால் தூக்கம் எங்கே வரும்? இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா, சால்னா. நடுவில் பீடி, சிகரெட். இருபது வருடம் இப்படி ஓடியவரை "தோழர் ஓய்வில்லாமல் உழைப்பவர்" என்று பாராட்டுகிறோம். மாரடைப்பு வந்தபின் துண்டறிக்கை அடிக்கிறோம். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

2010, 2011ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து ஒன்பது மாநிலங்களைப் பற்றி 2022இல் வந்த ஓர் ஆய்வில், தலித்துகளின் சராசரி ஆயுள் ஆதிக்கச் சாதி இந்துக்களின் ஆயுளைவிட மூன்று ஆண்டுக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளுக்கு நான்கு ஆண்டுக்கு மேல் குறைவு. பொருளாதார வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும் அந்த இடைவெளியில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. இங்கே அப்படி ஓர் ஆய்வு செய்யச் சொல்லிக் கேட்பது ஆய்வு மாணவர்களாகிய உங்கள் வேலை.

பருமனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் கூடுதல் எடை உள்ளவர்கள். சர்க்கரை பணக்கார வியாதி என்பதும் பழைய கதை. 2017இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வில், தமிழ்நாட்டின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடம்தான் நீரிழிவு அதிகமாக இருந்தது.

ஒல்லியாக இருப்பவர்கள் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்குமான விகிதம் இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உடம்பில் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, புனேக்காரருக்கு 21.2. அதே யாக்னிக் குழு புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை எடைபோட்டது. சராசரி 2.7 கிலோ; இங்கிலாந்துக் குழந்தைக்கு மூன்றரை. நம் குழந்தைகளிடம் தசை குறைவு, கொழுப்பு மட்டும் குறையவில்லை. தாய் பட்ட பசி கருவிலேயே உடம்பை இப்படி வார்த்துவிடுகிறது. பிறகு சோறும் சர்க்கரையும் தாராளமாகக் கிடைக்கும்போது அந்த உடம்பால் சமாளிக்க முடிவதில்லை. பாட்டியின் பசி பேரனின் சர்க்கரையாக வருகிறது. ஆகவே எடை இயந்திரத்தைவிட இடுப்பைச் சுற்றி ஒரு டேப்பை வையுங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் பரிசோதனை வேண்டும். ரேஷன் அரிசி பசியைத் தீர்த்தது, அதை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் வயல் நண்டும் நத்தையும் கீரையும் பூச்சிமருந்தில் போனபின், மாட்டுக்கறியைச் சாப்பிடவும் வெட்கப்பட வைத்தபின், தட்டில் சோறு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சரி, நடக்கலாம் என்றால் எங்கே நடப்பது? வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பான நடை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. மாத்திரை செய்யாத வேலை அது. சென்னையில் ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் நீரிழிவு வரும் ஆபத்தை 28.5 விழுக்காடு குறைத்தன, அதுவும் எடை பெரிதாகக் குறையாமலே. எடை குறையவில்லை என்று மூன்றாம் வாரத்தில் நடையை விட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஆனால் தெரு யாருடையது? 1893இல் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் பொதுவழிகளில் நம் மக்கள் நடக்கும் உரிமைக்காகச் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். நூறு ஆண்டு ஆனபிறகும், காலனியைச் சேர்ந்த பெண் விடியற்காலையில் ஊர்த்தெரு வழியாகக் கைவீசி நடந்தால் என்ன கேள்வி வரும் என்று உங்களுக்கே தெரியும். ஊர்த் திடல் ஊருக்குத்தான். விடுதி மாணவர்கள் இருக்கிறீர்கள், உங்கள் விடுதியில் பந்து விளையாட இடம் உண்டா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். விளையாட்டுத் திடல், விளக்கு எரிகிற சாலை, வேலைத்தளத்தில் கழிப்பறை, வேலைநேர வரம்பு ஆகியவற்றை மருத்துவக் கோரிக்கைகளாகவும் எழுதுங்கள்.

அதே நேரத்தில், சமூகம் மாறட்டும் பிறகு பார்ப்போம் என்று பிரஷர் மாத்திரையைத் தள்ளிவைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் கட்டமைப்புதான் காரணம் என்று நன்றாகப் பேசுகிற தோழர்கள்தான் மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறார்கள். இந்தியாவில் வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் இரத்த அழுத்தம் உண்டு. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டு முதல் வீட்டுக்கே வருகிறது. அவர்கள் வருகிற நேரத்தில் நம் மக்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். மாலையில் வரச் சொல்லி மனுக் கொடுக்கலாம், கிளைக் கூட்டம் நடக்கும் இடத்துக்கே வரச் சொல்லலாம். கிளைக் கூட்டங்களை இரவு ஒன்பதுக்குள் முடியுங்கள். பயணம் போகும் தோழருக்கு அடுத்த நாள் விடுப்பு என்பதை அமைப்பு விதியாகவே எழுதுங்கள். வன்கொடுமை விசாரணைக்குப் போய்வந்தவரைத் தனியாகத் தூங்கப் போகவிடாமல், உட்காரவைத்துப் பேசவிடுங்கள்.

வாசலுக்கு வலப்பக்கம் மேசை போட்டு இரண்டு செவிலியர் தோழர்கள் கருவியோடு காத்திருக்கிறார்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போவதற்கு முன் அங்கே போய், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுக் கையை நீட்டுங்கள். இடைவேளையில் டீ குடித்தவர்கள் அரை மணி நேரம் பொறுத்துப் போகலாம். அதுவரை கேள்விகளைக் கேளுங்கள்.